ஒன்பது இறாலும் ஓர் ஓட்டமும்

கிண்ணியாவில் உதைபந்தாட்டத்துக்கு நடுவராக நின்ற இருபத்திரண்டு வருடங்களில் முனாப் ஒரு தீர்ப்பைக்கூட மாற்றியதில்லை. எல்லாமே சரியான தீர்ப்பு, எதற்கு மாற்றவேண்டும் என்பது அவருடைய கட்சி. மனிசனுக்கு மாற்றத் தெரியாது என்பது ஊருடைய கட்சி. ஒருமுறை பந்து வலையின் பக்கவாட்டில் இருந்த ஓட்டைக்குள்ளால் புகுந்து உள்ளே போய்க் கிடந்தது. முனாப் கோல் கொடுத்தார். நாலு பேர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஓட்டையைக் காட்டினார்கள். அவர் குனிந்து பார்த்தார், விரலை விட்டும் பார்த்தார். "வலை தைக்கிறது என்ட வேலையில்ல" என்று சொல்லிவிட்டு நடுக்கோட்டுக்கு நடந்தார்.

வார நாட்களில் அவர் திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்குச் சீட்டு எழுதினார். அங்கும் அதே குணம்தான். படகு நிரம்பிவிட்டது என்று அவர் சொன்னால், உள்ளே ஐந்து இடம் வெறுமையாகக் கிடந்தாலும் படகு நிரம்பியதுதான். தான் நினைத்ததே நடந்தது என்று நம்புகிறவனுக்கு நாட்கள் நிம்மதியாகவே போகும். சுற்றியிருப்பவர்கள்தான் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கவேண்டியிருக்கும்.

நாற்பத்தேழாவது வயதில் அவருடைய வலது முழங்கால் நகர்ந்து கொடுக்க மறுத்தது. நடுவர்களுக்கு வருடத்துக்கொரு ஓட்டப் பரீட்சை உண்டு. அதில் தவறினால் விசிலைக் கழற்றி வைக்கவேண்டியதுதான். ஆகவே ஆட்டம் உள்ள நாட்களில் முனாப் வலி அடங்க ஒரு நோக்குளிசை போட்டுக்கொள்வார். இது ஒருவருக்கும் தெரியாது. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த ஷாமிலாவுக்கும் தெரியாது. முழங்கால் நோகிறது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், பிறகு தான் கொடுக்கிற ஒவ்வொரு ஓஃப்சைட்டுக்கும் ஆட்கள் முழங்காலைப் பார்ப்பார்கள் என்பது அவருடைய பயம்.

ஆட்டத்துக்கு முன் நடுவருக்குப் பகல் சாப்பாடு கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு கழகம் தனியே கொடுத்தால் கைக்கூலி என்று கதை வரும். அதனால் ஒரே சஹனில், அதாவது ஐந்து பேர் சுற்றியிருந்து கைபோடுகிற பெரிய தட்டில், நடுவரும் கோட்டு நடுவர் இருவரும் இரண்டு கழகத்துச் செயலாளர்களும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒரே சோறு, ஒரே கறி. எவரும் எவரையும் சந்தேகிக்க ஏலாது என்பது ஏற்பாடு. ஆனால் சஹனுக்குள்ளும் எல்லைகள் உண்டு. கோடு கீறாமலே அவரவர் பக்கம் அவரவருக்குத் தெரியும். மதிப்பான ஆளின் பக்கத்துக்கு நல்ல துண்டுகளைத் தள்ளிவிடுவது சமைத்தவரின் உரிமை.

அன்று நீலச்சட்டைக் கழகத்துக்கும் பச்சைச்சட்டைக் கழகத்துக்கும் ஆட்டம். சமைத்தது சுபைதா. ஷாமிலாவின் பெரியும்மா மகள், பதினெட்டு வருடமாக விருந்துகளுக்குச் சமைக்கிறவள். நானூறு பேருக்கு அவள் ஆக்கிய நெய்ச்சோற்றில் ஒரு பருக்கை குழைந்ததாக யாரும் சொன்னதில்லை. அந்தக் கைத்தொழிலில்தான் மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்து எடுத்தாள். அவள் கரண்டியால் களப்பு இறாலை ஒவ்வொன்றாக முனாப்பின் பக்கம் தள்ளினாள்.

"மச்சான், தின்னுங்க. ஓடுற உடம்பு."

முனாப் எண்ணினார். ஒன்பது. எண்ணுவது அவருடைய பழக்கம். ஒன்பதையும் சாப்பிட்டார். கை கழுவப் போன இடத்தில் குளிசையையும் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கி இருபத்து மூன்றாவது நிமிடம், நாலு மணி வெயிலில், அவருடைய உள்ளங்கைகள் கடித்தன. பிறகு உள்ளங்கால்கள். சப்பாத்துக்குள் கடிக்கிற காலை ஓடிக்கொண்டே எப்படிச் சொறிவது என்று யோசித்தபடி அவர் ஓடினார். காதுகள் சூடேறின. ஒரு நீலச்சட்டை ஒரு பச்சைச்சட்டையை இடித்து விழுத்த, முனாப் விசிலை வாயில் வைத்தார். காற்றுப் போனது, சத்தம் வரவில்லை. விசிலைப் பிடிக்க வாயில் உதடு இல்லை. இருந்தது வேறு யாருடையதோ, இரண்டு மடங்கு பெரியது.

"ஊதுங்க காக்கா!" என்று, வயதில் மூத்தவரைக் கூப்பிடுகிற முறையில், பச்சைச்சட்டைகள் கத்தினார்கள்.

தொண்டை இறுகியது. மைதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முனாப் விழுந்தார். விழும்போது வலது கை முன்னால் நீண்டு, பெனால்டிப் புள்ளியை நேராகக் காட்டிக்கொண்டு கிடந்தது. பச்சைக் கழகத்து ஆட்கள் சந்தோசத்தில் துள்ளினார்கள். அவர் மூச்சுக்குத் தவிக்கிறார் என்று முதலில் கண்டுகொண்டவன் நீலக் கழகத்துக் கோல்காப்பாளன். பெனால்டி பிடிக்க நின்றவன் ஆகையால் அவன்தான் அந்தக் கையை உற்றுப் பார்த்தான்.

ஓட்டோவில் ஆஸ்பத்திரி. தொடையில் ஓர் ஊசி. பத்து நிமிடத்தில் தொண்டை திறந்தது. கண்ணைத் திறந்தபோது கட்டிலின் ஒரு பக்கம் நீலக் கழகத்துச் செயலாளர் பஹ்மி, மறுபக்கம் பச்சைக் கழகத்துச் செயலாளர் ஜவ்பர். அவர்களுக்குப் பின்னால், பார்வையாளர் நேரமாகையால், முப்பது பேரளவில் சனம்.

"காக்கா, எப்படி இரிக்கு?" என்றார் பஹ்மி.

"அதை விடுங்க" என்று ஜவ்பர் குனிந்தார். "அந்தக் கை பெனால்டியா, சும்மா விழுந்த கையா?"

முனாப்புக்குக் கை ஞாபகமில்லை. ஆனால் தான் காரணமில்லாமல் கை நீட்டுகிறவர் அல்ல என்பது ஞாபகமிருந்தது.

"பெனால்டி."

"அநியாயம்! மயங்கின மனிசன் பெனால்டி குடுக்கிறதா?" என்றார் பஹ்மி.

"மயங்க முந்திக் குடுத்தனான்."

இருவரும் கட்டிலுக்கு மேலால் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். தாதி வந்து இருவரையும் அதட்டிவிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று முனாப்பைக் கேட்டாள். அந்தக் கேள்விதான் வினையாகிப் போனது.

"சஹன் சோறு. இவங்க ரெண்டு பேரும் அதே சஹன்லதான். பாருங்க, குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாங்க. எண்டா என்ட பக்கத்துலதான் என்னமோ இருந்திருக்கு. என்ட பக்கத்துக்குத் தள்ளினது சுபைதா. என்னத்தைப் போட்டாவோ, அவவைக் கேளுங்க."

முப்பது பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மஃரிப் தொழுகைக்கு முன்னால் அந்தச் சொல் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிவிட்டது.

ஒரு சொல் வாயைவிட்டுப் போன பிறகு அதற்கு வேறு வீடுகள் கிடைக்கின்றன. ஒரு வீட்டில் அது பழைய இறால் ஆனது. இன்னொரு வீட்டில் சூனியமானது. நீலக் கழகம் தோற்றுவிடும் என்ற பயத்தில் போட்ட மருந்து என்று மூன்றாவது வீடு கண்டுபிடித்தது. சுபைதாவுக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு விருந்துகள் அந்தக் கிழமையே கைமாறின. ஜவ்பரின் மகளுடைய கலியாணச் சாப்பாடு, அறுநூறு பேருக்கு, அதுவும் அவளுக்கென்று பேசியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கிறார்கள், அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறோம் என்று தகவல் வந்தது. அதுவும் போனால் சட்டிகளைக் கவிழ்த்து வைக்கவேண்டியதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். முனாப்புக்கும் தெரியும். ஆனால் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

ஆட்டத்துக்கு மூன்றாம் நாள் காலை சுபைதா அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் இறால் சட்டி, மறுகையில் பிளாஸ்டிக் கதிரை.

"உள்ள வாங்க றாத்தா, கதிரை இரிக்கே" என்றாள் ஷாமிலா.

"வேணாம் புள்ள. உங்கட கதிரையில இருந்தா, பிறகு கதிரையில என்னமோ இருந்ததெண்டு சொல்லுவாரு."

கேற்றுக்கு முன்னால் கதிரையைப் போட்டு அமர்ந்து, சட்டியைத் திறந்து, சாப்பிடத் தொடங்கினாள். ஒழுங்கையில் போனவர்களுக்கும் கொடுத்தாள். மீன் வியாபாரி சைக்கிளை நிறுத்திவிட்டு நாலு சாப்பிட்டான். பக்கத்து வீட்டுக்காரி கிண்ணம் கொண்டுவந்தாள். ஒருவன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தான்.

"எண்ணுங்க மச்சான், எண்ணுறதுல கெட்டிக்காரன் தானே நீங்க. எத்தனை பேருக்கு வீங்குது?"

முனாப் யன்னலுக்குப் பின்னால் நின்றார். "இது இண்டைய சட்டி."

"அண்டைய சட்டிக்கு நான் எங்க போற? அது நீங்க தின்னுட்டீங்க!"

ஒழுங்கை சிரித்தது. முனாப் யன்னலைச் சாத்தினார்.

"உங்களுக்கு இறால் ஒத்துக்கொள்ளாமப் போயிருக்கும்" என்று அன்றிரவு ஷாமிலா சொன்னாள். "ஆஸ்பத்திரியில கார்ட் எழுதித் தந்தாங்களே, டவுன் கிளினிக்குக்கு வரச் சொல்லி."

"நாற்பத்தொன்பது வருசமாச் சாப்பிடுறன். ஒத்துக்கொள்ள இனித்தான் யோசிக்குதாக்கும்."

இருந்தாலும் தான் நியாயமான மனிதர் என்று காட்டவேண்டி, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஒரு பரிசோதனை வைத்தார். அதே களப்பு இறால். ஷாமிலா சமைத்தது. ஒன்பதுக்கு ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாமிலா எதிரே இருந்து அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலம். ஒரு மணித்தியாலம். பிறகு குறட்டைச் சத்தம்தான் வந்தது.

அஸர் தொழுகைக்கு எழும்பிய முனாப் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். வழக்கமான முகம்தான்.

"பாத்தியா? இறாலில பிழையில்ல. சமைச்ச கையிலதான் பிழை."

இதில் பிழை சொல்வது அவ்வளவு இலகுவல்ல. படித்தவர்களும் இப்படித்தான் யோசிக்கிறார்கள். அவர் மாற்றியதாக நினைத்தது ஒன்றை, சமைத்த ஆளை. மாறியவை எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணுகிற மனிதர் கண்ணுக்கு முன்னால் கிடந்த இறாலை எண்ணினார். கதிரையில் சாய்ந்திருப்பதும் ஒரு காரியம்தான் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்குப் பின்னேர வேலை. ஓட்டப் பரீட்சை நெருங்கியபடியால் காலையில் கடற்கரையில் ஓடிப் பார்த்திருந்தார். முழங்கால் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. பகல் ஷாமிலா வைத்த இறால் குழம்பு, குற்றமில்லை என்று தீர்ப்பான இறால்தானே. பிறகு ஒரு குளிசை. வீட்டைவிட்டு இறங்கினால், சந்தியில் பஸ் புறப்படுகிறது. அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் படகு அவர் இல்லாமலே நிரம்பிவிடும். இரண்டு மணி வெயிலில் முனாப் ஓடினார். நன்றாகவே ஓடினார். பஸ்ஸில் தொற்றியபோது, பரீட்சையில் தேறிவிடலாம் என்றுகூட நினைத்தார்.

பாலத்தின் நடுவில் உள்ளங்கை கடித்தது.

"றெபரி வீங்குறாரு!" என்று கொண்டக்டர் கத்தினான்.

சாரதி பாலத்தைக் கடந்ததும் பஸ்ஸைத் திருப்பினார். நகரத்துக்குப் போகவிருந்த ஐம்பது பேரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். அந்த ஊரைப் பற்றிப் பாராட்டிச் சொல்ல அதிகமில்லை, இதைச் சொல்லலாம். ஆனால் போகும் வழியிலேயே விசாரணையும் தொடங்கிவிட்டது.

"இண்டைக்கும் சுபைதாவா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

முனாப் தலையை ஆட்டினார், இல்லை.

"பின்ன யாரு சமைச்சது?"

நாக்கு தடித்திருந்தது. பொய் சொல்ல நேரமில்லை, தெரியவும் தெரியாது.

"ஷா... மி... லா."

பஸ் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. "சொந்தப் பொஞ்சாதி!" என்றாள் பின்னாசனத்தில் ஒரு கிழவி. "அல்லாஹ்வே, இவருக்கு எல்லாப் பக்கத்தாலும் வைக்கிறாளுகள்."

மறுபடி தொடையில் ஊசி. மறுபடி மூச்சு வந்தது. இந்த முறை வைத்தியர், இன்னும் கால்மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று தொடங்கி, மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார். முனாப் அந்த மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அப்போதுதான் ஷாமிலா வந்தாள். நடையிலேயே தெரிந்தது, பஸ்ஸின் கதை அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருக்கிறது.

"என்னையும் சொல்லிட்டீங்களாம்."

"கேட்டாங்க. சொன்னனான்."

"இருபத்தாறு வருசமாப் போடாத நஞ்சை இண்டைக்குப் போட்டனா? அப்படிப் போடுறதெண்டா நீங்க என்ட வாப்பாட மௌத்து வீட்டுக்கு வராம ஆட்டத்துக்குப் போனீங்களே, அண்டைக்கே போட்டிருப்பன்."

"நீ போடல்ல" என்றார் முனாப் அவசரமாக. "நீ போட்டிருக்க மாட்டா."

"அப்ப றாத்தா மட்டும் போட்டிருப்பாவா?"

முனாப் வாயைத் திறந்தார். அதே நியாயம்தான். சுபைதாவைக் கட்டிப்போட்ட அதே கயிறு ஷாமிலாவுக்கும் அளவாக இருந்தது. ஆனால் ஷாமிலா குற்றவாளி அல்ல என்பது அவருக்குத் தன் பெயரைப்போலத் தெரியும். அப்படியானால் கயிற்றில்தான் ஏதோ பிழை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் தீர்ப்பு சொல்லாமல் திரும்பிப் படுத்தார்.

மறுநாளே ஷாமிலா அலுமாரியிலிருந்து கிளினிக் கார்ட்டை எடுத்து, அவரையும் எடுத்துக்கொண்டு, டவுனுக்குப் போனாள்.

கிளினிக்கில் இருந்தவர் டொக்டர் சிவாஜினி. மெலிந்த மனுசி, கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். முனாப் தன் நிலைப்பாட்டை விளக்க ஆரம்பித்ததும் பேனையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்ன நினைக்கிறீங்கள் எண்டு நான் கேட்கேல்லை. என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ. முதல் முறை எப்ப?"

"போன கிழமை, ஆட்டத்தில."

"அதுக்கு முந்தி ஒருக்காலும் இல்லையோ?"

"போன வருசம் மூதூர் ஆட்டத்தில கொஞ்சம் தடிச்சது. அது எறும்பு."

"எறும்பைக் கண்டனீங்களோ?"

"காணல்ல. ஆனா எறும்பு."

"என்ன சாப்பிட்டிருந்தனீங்கள்?"

முனாப் யோசித்தார். "இறால்."

டொக்டர் எழுதினார். மூதூர், இறால், ஓட்டம். கிண்ணியா, இறால், ஓட்டம். பஸ், இறால், ஓட்டம். ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்பது இறால் சாப்பிட்டு ஒன்றுமே நடக்கவில்லை என்று முனாப் கடைசித் துரும்பை எடுத்து வைத்தார்.

"சாப்பிட்டுப்போட்டு என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யல்ல. இருந்தனான்."

"நித்திரை" என்றாள் ஷாமிலா.

"அதுதான்" என்றார் டொக்டர். "குளிசை ஏதும் போடுறனீங்களோ?"

"இல்ல" என்றார் முனாப்.

டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். சிவப்பு அட்டை வாங்கப் போகிறவன் நடுவரைப் பார்ப்பதுபோல முனாப் அவரைப் பார்த்தார். பிறகு ஷாமிலாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒண்டு... முழங்காலுக்கு."

"எவ்வளவு காலமா?" என்று கேட்டது டொக்டர் அல்ல, ஷாமிலா.

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா! எனக்குத் தெரியாம?" வேறொரு குடும்பத்தை வைத்திருந்தவரைப் பிடித்ததுபோல அவள் குரல் போனது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டொக்டர் சிவாஜினி பேனையை மூடினார். வளர்ந்தவர்களுக்கு இது ஒரு நாள் புதிதாகவும் வரும், நாற்பது வருடம் சாப்பிட்டதை உடம்பு கணக்கில் எடுக்காது என்றார். சிலருக்கு அந்தச் சாப்பாடு தனியே வந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். சாப்பிட்ட சில மணித்தியாலங்களுக்குள் ஓட்டம் சேர்ந்தாலோ, இந்த வகை நோக்குளிசை சேர்ந்தாலோ பொறுக்காது. வெயில், காய்ச்சல், நித்திரைக் குறைவு, மதுபானம், இவையும் சிலருக்கு அப்படித்தான்.

"நான் குடிக்கிறல்ல" என்றார் முனாப். ஏதாவது ஒன்றிலாவது தேறவேண்டும் என்று அவருக்கு இருந்தது.

"நல்லது. இரத்தம் சோதிச்சுப் பாப்பம். அது வரைக்கும் இறால், நண்டு, சிங்கி இறால் ஒண்டும் வேண்டாம். இந்தக் குளிசையும் வேண்டாம், முழங்காலுக்கு வேற வழி இருக்கு. கை கடிச்சு, உதடு தடிச்சா, பாத்துக்கொண்டு நிக்காமல் உடன ஆஸ்பத்திரி. முக்கியமா, இனி வீட்டில பரிசோதனை வைக்கிறேல்லை. அடுத்தமுறை பஸ் திரும்பாமலும் போகலாம்."

"அப்ப சமைச்ச ஆளில பிழை இல்லையா?" என்று முனாப் கேட்டார்.

"சமைச்ச ஆள் என்ன செய்தவ?"

அந்தக் கேள்விக்கு முனாப்பிடம் பதில் இருந்தது. நல்ல இறாலை அவருடைய பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான்.

இறாலும் குற்றவாளி அல்ல, ஓட்டமும் அல்ல, இரண்டும் சந்தித்ததுதான் குற்றம் என்றால் யாருக்கு அட்டை காட்டுவது? திரும்பி வரும் பஸ்ஸில் அவர் இதை யோசித்துக்கொண்டு வந்தார். உலகத்தில் நடப்பவற்றில் பெரும்பாலானவை இப்படி இரண்டு மூன்று சேர்ந்துதான் நடக்கின்றன போலும். மைதானத்திலோ ஒரு ஆளைத்தான் காட்டச் சொல்லுவார்கள், அவரும் காட்டிப் பழகிவிட்டார்.

"றாத்தாட்டப் போங்க" என்றாள் ஷாமிலா.

"பஹ்மியிட்டச் சொன்னா, அவர் மெல்லச் சொல்லிவிடுவார்."

"ஆஸ்பத்திரியில மெல்லவா சொன்னீங்க?"

வியாழக்கிழமை முழுவதும் அவர் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். எழுதத் தெரிந்தது ஆட்ட அறிக்கை ஒன்றுதான். 'இருபத்து மூன்றாவது நிமிடத்தில் நடுவருக்கு ஏற்பட்ட அசௌகரியம் தொடர்பில் வெளியிடப்பட்ட கருத்து' என்று தொடங்கியது. ஷாமிலா வாசித்துவிட்டு அதை அடுப்பில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஜவ்பர் வீட்டு விறாந்தையில் மாப்பிள்ளை வீட்டார் கூடியிருந்தார்கள். பஹ்மியும் இருந்தார். சுபைதாவை வரச்சொல்லியிருந்தபடியால், அவள் பெண்களுடன் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தாள். வேறு ஊர்ச் சமையல்காரன் ஒருவனின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தபோது முனாப் படியேறினார். இருக்கச் சொன்னார்கள். இருக்கவில்லை.

"நான் ஒண்டு சொல்லணும். சுபைதா மச்சிட சாப்பாட்டுல ஒண்டும் இருக்கல்ல. எனக்குத்தான் வருத்தம். இறால் தின்னுட்டு ஓடினா வருகுது. நோக்குளிசையும் போட்டனான், முழங்கால் ஏலாது. ஆருக்கும் சொல்லல்ல." திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். "என்ட தீர்ப்பு பிழை."

அங்கே இருந்தவர்களில் பாதிப்பேருக்குச் சுபைதாவும் இறாலும் மறந்துபோயின. முனாப்பின் வாயிலிருந்து அந்த மூன்று சொற்கள் வந்ததைத்தான் கேட்டார்கள்.

"காக்கா, திருப்பிச் சொல்லுங்க" என்றார் பஹ்மி நம்பாமல்.

"பிழை."

"அப்ப அந்த வலை ஓட்டைக் கோல்?" என்று மூலையிலிருந்து ஒருவர் எழும்பினார்.

"சேருநுவரையில குடுத்த ஓஃப்சைட்?" என்றார் இன்னொருவர். "என்ட மகன் ரெண்டு நாள் சாப்பிடல்ல!"

"அந்தக் கை? கீழ விழுந்த கை?" என்றார் பஹ்மி.

"அது பெனால்டி!" என்று ஜவ்பர் பாய்ந்தார். மாப்பிள்ளையின் மாமா பயந்துபோய்த் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். முனாப் எதைப் பற்றி இருபத்திரண்டு வருடம் பயந்தாரோ, அது அவர் கண்முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. ஒரு கல்லைப் பிடுங்கியதும் முழுச்சுவரும் கேள்வி கேட்டது. முழங்காலையும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க!" என்று திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சுபைதாவின் குரல் வந்தது. அந்தக் குரல் அறுநூறு பேரின் பந்தியைத் தாண்டிப் பழகியது. எல்லாரும் நிறுத்தினார்கள். "உங்கட பந்துக் கதையைப் பிறகு வச்சிக்கங்க. ஜவ்பர் காக்கா, சமையல் ஆருக்கு?"

ஜவ்பர் மாப்பிள்ளையின் மாமாவைப் பார்த்தார். அவர், "மனிசன் தன்ட முழங்காலையே விட்டுக்குடுத்துச் சொல்றார், இனி என்ன" என்றார்.

"உங்களுக்குத்தான்" என்றார் ஜவ்பர்.

"சரி. மச்சான் நில்லுங்க, போகாதீங்க. ஆஸ்பத்திரியில சொல்லக்குள்ள முப்பது பேர் இருந்தாங்க. இங்க பதினாலு பேர்தான். மிச்சம் பதினாறு பேரும் எங்க?"

"அவங்கள நான் எங்க தேட?"

"தேட வேணாம். பேர் எல்லாம் என்ட தலையில இரிக்கு. பஹ்மி தம்பி, எழுதுங்க."

பஹ்மி எழுதினார். அவள் சொல்லச் சொல்ல, எந்த ஒழுங்கை, எத்தனையாவது வீடு என்பதுடன் பதினாறு பெயர்கள் தாளில் ஏறின. பிறகு, ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டாலும் கட்டாயம் போகவேண்டியது என்று பதினேழாவதாக ஒன்றையும் சொன்னாள்.

சனியும் ஞாயிறும் முனாப் நடந்தார். ஓடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் வந்தது, கூடவே ஏதாவது தட்டில் வந்தது. "இதுல இறால் இரிக்கா?" என்று கேட்டபடிதான் ஒவ்வொரு வாசலிலும் பேச்சைத் தொடங்கினார். சொல்ல வந்ததைச் சொன்னார். முதல் வீட்டில் அது தொண்டையில் சிக்கியது. எட்டாவது வீட்டில் ஒரு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பதினோராவது வீட்டில் கேட்காமலே, அந்த ஓட்டைக் கோலும் பிழைதான் என்று சொல்லிவிட்டு, தானே திகைத்து நின்றார். ஓஃப்சைட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அது ஓஃப்சைட்தான்.

ஞாயிறு மாலை தாளின் கடைசிப் பெயரை வாசித்துவிட்டுத் தன் வீட்டு வாசலில் நின்றார். பதினேழு, ஷாமிலா.

அவள் உள்ளே போகவிடாமல் கதவு நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "சொல்லுங்க."

"உனக்குத் தெரியும்தானே."

"பதினாறு பேருக்கும் தெரியாதெண்டா சொன்னீங்க? பஸ்ஸில ஐம்பது பேர் என்னைப் பாத்தாங்க. சொல்லுங்க."

அவர் சொன்னார். சுபைதாவிலும் பிழையில்லை, உன்னிலும் பிழையில்லை, என்ட தீர்ப்பு பிழை. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் கேட்டுக்கொண்டிருந்தாள். ஷாமிலா கையை எடுக்கவில்லை.

"இனி நீங்க இறால் தின்னப் போறல்ல. அதனால ஒண்டை மட்டும் கேட்டு வைக்கிறன். ரெண்டு பேருடையதும் ஒன்பது ஒன்பதாத் தின்னீங்க. ஆருட இறால் நல்லம், என்டதா, றாத்தாடதா?"

எந்த மோதலிலும் இரண்டு விநாடிக்குள் கையை உயர்த்திவிடுகிற முனாப், சப்பாத்தைக் கழற்றி, சுவரோரமாக ஒழுங்காக வைத்து, காலுறையையும் கழற்றி மடித்தார். பிறகு படியில் அமர்ந்து, யோசிக்கக் கொஞ்சம் நேரம் தரும்படி கேட்டார்.